வேனுக்குப் பெரிய டைனமோ

எங்கள் வேனில் முதலில் ஃபேன்தான் வந்தது. ஒன்றே ஒன்று, டிரைவர் தலைக்கு மேல். வெயில் தாங்கவில்லை என்று என் கணவர் மாட்டினார். நியாயம்தான், நானும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு மாதத்தில் அது ஆறு ஃபேன் ஆனது. அப்புறம் கூரை ஓரமாக, முன்னாலிருந்து பின்னால் வரை, ஊதா நிறத்தில் எல்.இ.டி. விளக்கு. அப்புறம் டிவி. அதற்கப்புறம் பின்சீட்டுக்கு அடியில் ஒரு பெரிய மரப்பெட்டி. அதற்குள் ஸ்பீக்கர், அதை அலறவைக்க ஒரு ஆம்ப்ளிஃபயர். ஒவ்வொரு சீட்டிலும் செல்போன் சார்ஜ் போட ஒரு பாயின்ட். கடைசியாக, ராகம் போட்டு ஊதுகிற ஹாரன். அந்த ஹாரனை அடித்துக்கொண்டு அவர் தெருவுக்குள் நுழைந்தால் எங்கள் வீட்டு நாய் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

வேனுக்கு வயது இருபதை நெருங்கிக்கொண்டிருந்தது. கல்யாணம், நிச்சயதார்த்தம், காதுகுத்து, கோயில் என்று ஆரணியிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிற வண்டி. அவரேதான் ஓட்டுகிறார். புதுசாக ஒன்று எடுக்கலாமே என்றால் அவர் முகம் மாறிவிடும். இந்த இன்ஜின் மாதிரி இப்போது எவனும் செய்வதில்லை என்பார். இன்ஜினைப் பற்றி நான் ஒன்றுமே சொல்லவில்லை, அதன் தலையில் நீங்கள் ஏற்றிவைத்திருக்கிற சாமான்களைப் பற்றித்தான் சொல்கிறேன் என்று நான் ஆரம்பித்தால் டீ குடிக்கக் கிளம்பிவிடுவார்.

நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்துகிறவள். மின்னோட்டம் என்ற பாடத்தைப் பதினெட்டு வருடமாக நடத்திக்கொண்டிருக்கிறேன். என் வீட்டு வாசலில் நிற்கிற வண்டிக்கு இவ்வளவு கரண்ட் எங்கிருந்து வரும் என்று எனக்குத் தோன்றாமல் இருக்குமா? ஒருநாள் கேட்டேன். பேட்டரியிலிருந்து என்றார். பேட்டரிக்கு? டைனமோவிலிருந்து என்றார். இன்ஜின் சுற்றும்போது கூடவே சுற்றி, கரண்ட் தயாரித்து, பேட்டரியில் நிரப்புகிற பொருள் அது. ஆல்டர்நேட்டர் என்பதுதான் சரியான பெயர், ஆனால் ஊரில் எந்த டிரைவரும் அப்படிச் சொல்வதில்லை. அந்த டைனமோ எவ்வளவு தரும் என்று கேட்டேன்.

“வண்டி ஓடினா வந்துகினே இருக்கும்” என்றார். எங்கள் ஊர் ஆற்றில்கூடத் தண்ணீர் அப்படி வருவதில்லை.

அது எவ்வளவு தரும் என்பது ஒரு புரட்டாசி முடிந்து கல்யாண சீசன் தொடங்கியதும் தெரிந்தது. ஒரு மாப்பிள்ளை வீட்டாரைத் தெள்ளாருக்கு வரவேற்புக்குக் கூட்டிப்போனார். சாயங்கால நேரம், வழியெல்லாம் மழை. ஹெட்லைட், வைப்பர், ஆறு ஃபேன், ஊதா விளக்கு, டிவி, பாட்டு எல்லாம் ஓடியிருக்கிறது. மண்டபத்துக்கு எதிரில் நிறுத்திவிட்டு, மாப்பிள்ளையைக் கோயிலுக்குக் கூட்டிப்போய் ஊர்வலமாக அழைத்துவர மறுபடி சாவியைத் திருப்பினால், டக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். மாப்பிள்ளை ஷெர்வானியோடு தூறலில் இறங்கி நின்றார். அவருடைய மாமன்கள் மூன்று பேர் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேனைத் தள்ளினார்கள்.

நான் அங்கே இல்லை. இருந்தாலும் எல்லாவற்றையும் பார்த்தேன். யாரோ வீடியோ எடுத்து ஸ்டேட்டஸில் வைத்திருந்தார்கள். மறுநாள் ஸ்டாஃப் ரூமில் மூன்று பேருடைய போனில் அதைக் காட்டினார்கள். வேனின் பின்னால் எழுதியிருந்த எங்கள் போன் நம்பர் தெளிவாகத் தெரிந்தது.

அன்றைக்கு வீட்டில் நான் சத்தம் போடவில்லை. ஒரு நோட்டின் கடைசிப் பக்கத்தை எடுத்தேன். ஹெட்லைட்டுக்கு இத்தனை ஆம்பியர், ஃபேனுக்கு இத்தனை, ஆம்ப்ளிஃபயருக்கு இத்தனை என்று எழுதிக் கூட்டினேன். எல்லாம் சேர்ந்து ஐம்பதைத் தாண்டியது. வண்டியோடு வந்த டைனமோ முழு வேகத்தில் ஓடினாலே முப்பத்தைந்துதான் தரும். மீதியைப் பேட்டரி தன் கையிலிருந்து கொடுத்துக்கொண்டே வந்து தெள்ளாரில் தீர்ந்துபோயிருக்கிறது. அந்தப் பக்கத்தை அவர் முன்னால் வைத்து, அந்த மரப்பெட்டியையும் டிவியையும் கழற்றுங்கள், சரியாகிவிடும் என்றேன்.

அவர் பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, அப்படியானால் பெரிய டைனமோவாகப் போட்டுவிட வேண்டியதுதான் என்றார். என் கணக்கிலிருந்து அவர் எடுத்துக்கொண்டது அது மட்டும்தான்.

கண்ணமங்கலம் ரோட்டில் ஒரு ரைஸ் மில்லை ஒட்டினாற்போல ஆட்டோ எலக்ட்ரீசியன் ஷெட் இருக்கிறது. அந்த எலக்ட்ரீசியன் என் கணவரோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர். இரண்டு பேரும் சேர்ந்தால் எந்த வேலையும் அரை நாளில் முடிந்துவிடும் என்று பேசுவார்கள், முடிய அரை மாதம் ஆகும். தொண்ணூறு ஆம்பியர் டைனமோ ஒன்று, ஏசி வைத்த ஒரு பழைய வண்டியிலிருந்து கழற்றியது, வேலூரில் இருக்கிறது என்றார் அவர். அதைப் போட்டுவிட்டால் மண்டபத்துக்கே கரண்ட் கொடுக்கலாம் டீச்சர் என்று என்னிடம் சிரித்தார். மண்டபத்துக்கு வேண்டாம், வண்டி கிளம்பினால் போதும் என்றேன்.

வேலூரிலிருந்து அந்த டைனமோ வந்து சேரவே ஆறு நாள் ஆனது. வந்த பிறகுதான் அதை எங்கே மாட்டுவது என்ற பிரச்சினை எழுந்தது. பழைய டைனமோவுக்கு என்று இன்ஜினில் இருந்த இடத்தில் இது உட்காரவில்லை. லேத் பட்டறையில் கொடுத்து, அதைத் தாங்க ஒரு பிராக்கெட் செய்தார்கள். அதை மாட்டிப் பார்த்தால் டைனமோவின் சக்கரம் இன்ஜின் சக்கரத்தைவிட விரல் அகலத்துக்கு முன்னால் தள்ளி நின்றது. பரவாயில்லை, ஓட ஓடச் சரியாகிவிடும் என்று இரண்டையும் இணைக்கிற பெல்ட்டைப் போட்டு இன்ஜினை ஸ்டார்ட் செய்தார்கள். சினிமாவில் பேய் வருகிற மாதிரி ஒரு கீச்சுச் சத்தம். ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறவர்கள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அந்த பெல்ட் ஒரே நாளில் கருப்புப் பொடியாக உதிர்ந்தது. இரண்டாவது பெல்ட் இரண்டு நாள் தாங்கியது. பிராக்கெட்டை மறுபடி வெட்டி, மறுபடி வெல்டிங் வைத்து, மூன்றாவது தடவைதான் சக்கரங்கள் ஒரே கோட்டில் நின்றன.

தினமும் நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஸ்கூட்டியை அந்த ஷெட்டில் நிறுத்திக் கேட்பேன். தினமும் நாளைக்கு என்பார்கள். இரண்டு புக்கிங் கைவிட்டுப் போனது. ஒரு புக்கிங்கை எனக்குத் தெரிந்த இன்னொரு வேன்காரருக்கு நானே போன் செய்து மாற்றிவிட்டேன். அதற்கு என் கணவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அப்புறம் வயர் சண்டை. டைனமோவிலிருந்து பேட்டரிக்குப் போகிற பழைய வயரையே எலக்ட்ரீசியன் இதிலும் சொருகியிருந்தார். சுண்டுவிரல் அளவுகூட இல்லை. கரண்ட் இரண்டு மடங்கானால் வயரில் சூடு நான்கு மடங்காகும், இது தாங்காது என்றேன். அதெல்லாம் புத்தகத்தில்தான் டீச்சர், இருபது வருஷமா இதே வயர்தான் ஓடிகினு கீது என்றார். என் கணவர் சிரித்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கைப்பையை ஒரு டயர் மேல் வைத்துவிட்டு, எல்லாவற்றையும் போடுங்கள் என்றேன். ஃபேன், விளக்கு, டிவி, பாட்டு, ஹெட்லைட் எல்லாம் போட்டார்கள். இன்ஜினை உறுமவிட்டு நின்றோம். பத்து நிமிடத்தில் பிளாஸ்டிக் கருகுகிற வாசனை வந்தது. தொட்டுப் பாருங்கள் என்றேன். எலக்ட்ரீசியன் தொட்டார், உடனே கையை உதறிக்கொண்டார்.

மறுநாள் கட்டைவிரல் தடிமனில் புது வயர் போட்டிருந்தார்கள். என் பள்ளிக்கூட லேபிலிருந்து மீட்டர் எடுத்துப்போய் நானே வைத்துப் பார்த்தேன். எல்லாம் ஓடும்போதும் பேட்டரிக்கு வேண்டிய பதினாலு வோல்ட் குறையாமல் நின்றது. அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க விரும்பவில்லை. இரண்டு ஆண்பிள்ளைகள் சிரித்த இடத்தில் என் பாடம் ஜெயித்திருந்தது.

அந்தச் சந்தோஷத்தில்தான் கோட்டை விட்டேன். மீட்டரை மடித்து வைக்கும்போது, இன்ஜினுக்குப் பக்கவாட்டில் ஒரு மெல்லிய குழாயின் வாய்க்கு போல்ட் போட்டு அடைத்திருப்பதைப் பார்த்தேன். அதற்குக் கொஞ்சம் மேலே ஒரு ரப்பர் ஹோஸை மடக்கிக் கம்பியால் கட்டியிருந்தார்கள். எலக்ட்ரீசியன் கை கழுவப் போயிருந்தார். இது என்ன என்று என் கணவரிடம் கேட்டேன். அது பழைய டைனமோவோட ஆயில் லைன், இதுக்கு வேணாம் என்றார். சரி என்று பேனட்டை மூடவிட்டேன். கரண்ட் கேள்வி என்றால் விட்டிருக்க மாட்டேன். குழாயும் ரப்பரும் என் பாடம் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த சில நாட்கள் அவர் வேனைக் காலியாக ஊருக்குள் ஓட்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்ததும் வலது கெண்டைக்காலில் தைலம் தேய்த்துக்கொள்வார். வயசாகிறது என்று நான் நினைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் பள்ளிக்கூடத்துத் தமிழ் டீச்சரின் மகனுக்கு நிச்சயதார்த்தம். பெண் வீடு கண்ணமங்கலத்தைத் தாண்டி ஒரு கிராமம். வேறு வேன் பேச இருந்தவரை, எங்கள் வண்டி இப்போது நன்றாக இருக்கிறது, நானே மீட்டர் வைத்துப் பார்த்தேன் என்று சொல்லி எங்கள் வேனுக்கு இழுத்தது நான்தான். பதினான்கு பேர் ஏறினார்கள். மடியில் தட்டுகள். பூ, பழம், வெற்றிலை, பெண்ணுக்கு எடுத்த புடவை, ஒரு தட்டில் லட்டைக் கோபுரமாக அடுக்கி மேலே கண்ணாடித் தாள் சுற்றியிருந்தார்கள். நான் டிரைவர் சீட்டுக்கு நேர் பின்னால் உட்கார்ந்தேன். மதியம் மூன்று மணி. ஃபேன் எல்லாம் சுற்றியது, பாட்டு ஓடியது, தமிழ் டீச்சர் திரும்பி என்னைப் பார்த்து, வேன் ஜம்முனு இருக்கு என்றார்.

கண்ணமங்கலத்துக்கு இரண்டு மூன்று கிலோமீட்டர் முன்னால், எங்களுக்கு முன்னே போன டவுன் பஸ் கை காட்டிய ஒரு கிழவிக்காக நின்றது. திடீரென்றுகூட இல்லை, சாதாரணமாகத்தான் நின்றது. எதிரே பால் கேன் கட்டிய பைக் ஒன்று வந்துகொண்டிருந்ததால் வலது பக்கம் ஒதுங்க வழியில்லை. என் கணவர் பிரேக்கை மிதித்தார். மிதித்தார் என்பது தப்பு. ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டு சீட்டிலிருந்து எழுந்தே நின்றார். அவர் கழுத்து நரம்பு புடைத்தது எனக்குத் தெரிந்தது. வண்டி நிற்கவில்லை. வேகம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்ததே தவிர நிற்கவில்லை. பஸ்ஸின் பின்பக்கக் கண்ணாடி பெரிதாகிக்கொண்டே வந்தது. அதில் ஒரு குழந்தை எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவர் ஸ்டீயரிங்கை இடது பக்கம் ஒடித்தார். ரோட்டோரம் யாரோ வீடு கட்ட எம்-சாண்ட் மணல் கொட்டி வைத்திருந்தார்கள். வேனின் மூக்கு அந்தக் குவியலுக்குள் பாதி வரைக்கும் புதைந்து நின்றது.

லட்டுகள் சீட்டுக்கு அடியில் உருண்டுகொண்டிருந்தன. தமிழ் டீச்சரின் அண்ணன் முன்சீட்டுக் கம்பியில் மோதி நெற்றி கிழிந்து, பட்டுச் சட்டையில் இரத்தம் சொட்டியது. வேறு யாருக்கும் பெரிய அடி இல்லை. இன்ஜின் அணைந்துவிட்டது. ஆனால் புது டைனமோ பேட்டரியை அவ்வளவு நன்றாக நிரப்பி வைத்திருந்ததால் பாட்டு நிற்கவில்லை. ஆறு ஃபேனும் சுற்றின. ஊதா விளக்கு ஒளிர்ந்தது. நான்தான் எட்டி அந்தப் பாட்டை நிறுத்தினேன்.

பஸ்காரர்கள் இறங்கி வந்து ஆட்களை இறக்கினார்கள். அண்ணனை அந்த பஸ்ஸிலேயே கண்ணமங்கலத்துக்கு ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். அவருக்கு மூன்று தையல் போட்டார்கள். மற்றவர்கள் இரண்டு ஷேர் ஆட்டோவில், மிஞ்சிய தட்டுகளைப் பிடித்துக்கொண்டு, நிச்சயதார்த்தத்துக்குக் கிளம்பினார்கள். நான் கூட வரட்டுமா என்று தமிழ் டீச்சரிடம் கேட்டேன். அவர் புடவையிலிருந்த மணலைத் தட்டிக்கொண்டே, வேண்டாம், நீங்க வண்டியப் பாருங்க என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

பக்கத்தில் டிராக்டர் ரிப்பேர் செய்கிற ஒருவர் இருந்தார். சத்தம் கேட்டு வந்தவர், ஆட்கள் போனதும் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து இன்ஜினைப் போட்டார். ஸ்டார்ட் ஆனது. பிரேக்கை மிதித்துப் பார்த்தார். மறுபடி மிதித்தார். இறங்கி, முன்பக்க மணலைக் கையால் தள்ளிவிட்டு பேனட்டைத் திறந்தார். கம்பி சுற்றி மடக்கியிருந்த அந்த ஹோஸை இரண்டு விரலால் பிடித்து எங்களைப் பார்த்தார்.

“வேக்கம் பம்ப்பு எங்க சார்?” என்றார்.

நான்தான் அது என்ன என்று கேட்டேன். இந்த மாதிரி டீசல் வண்டியில் டைனமோவின் முதுகிலேயே ஒரு சின்ன பம்ப் இருக்கும், அது காற்றை உறிஞ்சித்தான் பிரேக்குக்குப் பலம் கொடுக்கும், டைனமோவை மாற்றும்போது அதையும் சேர்த்து எடுத்துவிட்டிருக்கிறார்கள் என்றார். இத்தனை நாளாக வண்டியை வெறும் கால் பலத்தில் நிறுத்திக்கொண்டிருந்திருக்கிறீர்கள், காலியாக இருந்தால் எப்படியோ நிற்கும், பதினைந்து பேரோடு எப்படி நிற்கும் என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

நான் என் கணவரின் போனை வாங்கி எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டேன். நடந்ததைச் சொன்னேன். அந்தப் பக்கம் ரைஸ் மில் ஓடுகிற சத்தத்துக்கு நடுவில் அவர் குரல் வந்தது.

“அன்னிக்கே அவங்கிட்ட சொன்னனே டீச்சர். பம்ப்பு தனியா வாங்கி வேற எடத்துல மாட்டணும், அதுவரைக்கும் வண்டிய எடுக்காதன்னு. சரி சரின்னானே.”

நான் என் கணவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் மணல் குவியலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எடுக்காதன்னு சொன்ன நீங்கதானே சாவிய அவர் கையில குடுத்தீங்க” என்று போனில் சொன்னேன். நான் வைத்துவிட்டேன்.

டிராக்டர்காரர் வேனைப் பின்னால் இழுத்துத் தன் இடத்திலேயே நிறுத்திக்கொண்டார். நாங்கள் பஸ்ஸில் ஆரணிக்குத் திரும்பினோம். வேறு வேறு சீட்டில் உட்கார்ந்திருந்தோம்.

வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றியதும் கேட்டேன், ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று. அவர் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார்.

“சொன்னா நீ வண்டிய எடுக்க வுட்டிருக்க மாட்ட.”

“ஆமாங்க. அதுக்குத்தான் சொல்லணும்.”

பதினைந்து நாளாக வண்டி நின்றுபோயிருந்தது, அந்த வீடியோவைப் பார்த்தவர்கள் எல்லாம் தள்ளற வேன் எப்படி இருக்கிறது என்று டீக்கடையில் விசாரித்துக்கொண்டிருந்தார்கள், இன்னும் பத்து நாள் பம்ப்புக்காக நிற்கவேண்டும் என்று எப்படிச் சொல்வது, காலை அழுத்தி மிதித்தால் சமாளித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன் என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். தினம் ராத்திரி அவர் தைலம் தேய்த்தது எனக்கு அப்போதுதான் விளங்கியது. பதினெட்டு வருடமாக நான் கூடக் குடித்தனம் நடத்துகிற ஆள், கெண்டைக்கால் வீங்க வீங்கப் பிரேக்கை மிதித்துக்கொண்டு, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், என் கூட வேலை பார்க்கிறவரின் குடும்பம் முழுவதையும் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். நானும் முன்சீட்டுக்குப் பின்னால் பெருமையாக உட்கார்ந்துகொண்டு போயிருக்கிறேன். அவரைத் திட்ட எனக்கு வார்த்தை நிறைய இருந்தது, நிறையவே திட்டினேன். ஆனால் திட்டி முடித்த பிறகும் அந்த மடக்கிய ஹோஸ் என் கண்ணை விட்டுப் போகவில்லை. காற்றழுத்தமும் வெற்றிடமும்கூட நான் நடத்துகிற பாடம்தான். பார்த்தேன், கேட்டேன், முதல் பதிலோடு விட்டுவிட்டேன். பிளஸ் டூவில் ஒரு பிள்ளை அப்படி விட்டால் எழுந்து நிற்கவைத்திருப்பேன்.

இரண்டு நாள் கழித்து என் கணவர், தமிழ் டீச்சரின் அண்ணன் வீட்டுக்குப் போகவேண்டும், நீயும் வா என்றார். பழம் வாங்கி வைத்திருந்தார். நீங்கள் தனியாகத்தான் போகவேண்டும் என்றேன். அவர் சட்டையை மாற்றிக்கொண்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றார், நான் வருவேன் என்று பார்த்தார் போல. பிறகு போனார். ஒரு மணி நேரத்துக்கும் மேல் கழித்துத் திரும்பினார்.

என்ன சொன்னார்கள் என்று கேட்டேன்.

“ஒண்ணும் சொல்லல. காபி குடுத்தாங்க” என்றார். “பம்ப்பு இல்லன்னு எனக்குத் தெரியும்னு சொல்லிட்டேன். அவரு டம்ளர கீழ வச்சிட்டாரு.”

அதைச் சொல்ல வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. பிரேக் ஃபெயிலியர் என்று சொல்லியிருந்தால் யாரும் மேலே கேட்டிருக்க மாட்டார்கள். எனக்கு அவர் மேல் இருந்த கோபம் அப்போதும் போகவில்லை, ஆனால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

எலக்ட்ரீசியன் தானாகவே கண்ணமங்கலத்துக்குப் போய் அந்தத் தொண்ணூறு ஆம்பியர் டைனமோவைக் கழற்றினார். முதுகில் பம்ப்போடு, எங்கள் இன்ஜினுக்கென்றே வருகிற இன்னொரு டைனமோவைத் தேடிப் பிடித்து மாட்டினார். அது அறுபத்தைந்து ஆம்பியர். பிராக்கெட் வேண்டியிருக்கவில்லை, லேத் வேண்டியிருக்கவில்லை, பழைய இடத்திலேயே உட்கார்ந்தது. முதல் நாளே அதைத் தேடியிருந்தால் மூன்று பெல்ட்டும், ஒரு மாதமும், ஒருவர் நெற்றியும் மிஞ்சியிருக்கும். இதை நான் அவரிடம் சொன்னபோது, ஆமா டீச்சர் என்று மட்டும் சொன்னார். மறுபடி மீட்டர் வைத்தேன். பிறகு நானே டிரைவர் சீட்டில் ஏறி, இன்ஜின் ஓடும்போது பிரேக்கை மிதித்துப் பார்த்தேன். செருப்பு நுனிக்கே அது மெத்தென்று இறங்கியது. இவ்வளவு லேசானது இல்லாமல் அவர் ஒரு வாரம் ஓட்டியிருக்கிறார்.

அறுபத்தைந்து ஆம்பியரில் எல்லாம் சேர்த்து ஓட்டலாம்தான், ஆனால் பின்சீட்டுக்கு அடியிலிருந்த மரப்பெட்டியை அவரே கழற்றிவிட்டார். நான் கேட்கவில்லை. கழற்றியதை விற்கவும் இல்லை. அது இப்போது எங்கள் ஹாலில், பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் இருக்கிறது. வாரத்துக்கு ஒரு தடவையாவது அதில் என் கால் விரலை இடித்துக்கொள்கிறேன்.

தமிழ் டீச்சர் ஒரு மாதம் என்னிடம் வேலை விஷயம் தவிர வேறு பேசவில்லை. பிறகு தை மாதத்தில் கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்து, இரண்டு பேரும் கண்டிப்பாக வரவேண்டும் என்று கையைப் பிடித்துச் சொன்னார். கல்யாணத்துக்கு வேறு வேன்தான் பேசியிருந்தார்கள். அது சரிதான் என்றுதான் எனக்குத் தோன்றியது. நாங்கள் பஸ்ஸில் போய் வந்தோம்.

என் கணவர் இப்போது எதையும் மறைப்பதில்லை. வண்டியில் எது கெட்டாலும் சொல்லிவிடுகிறார். காலையில் நான் குக்கரை வைத்துவிட்டு, ஒரு கையில் டிபன் பாக்ஸும் இன்னொரு கையில் ரெகார்ட் நோட்டுமாகக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அடுப்படி வாசலில் வந்து நிற்கிறார். இடது வைப்பர் ரப்பர் கிழிந்திருக்கிறது. மூன்றாவது சீட்டின் நட்டு ஆடுகிறது. பின்பக்கக் கதவு மழை பெய்தால் ஒழுகும் போலிருக்கிறது. கிளட்ச்சில் ஒரு சத்தம், இல்லை, அது கிளட்ச் இல்லை, வேறு ஏதோ, வந்து கேட்டுப் பார்க்கிறாயா என்கிறார். ஒருநாள் பள்ளிக்கூடத்தில் பரீட்சை மேற்பார்வையில் இருக்கும்போது போன் செய்து, ஹெட்லைட் கண்ணாடிக்குள் ஒரு பூச்சி போய்விட்டது என்றார். எனக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருக்கும். ஆனால் நடுவில் நிறுத்தச் சொல்வதில்லை. கடைசி நட்டு வரைக்கும் கேட்டுவிட்டுத்தான் அடுப்பை அணைக்கிறேன்.